மேஸ்திரியின் தீனிப்பை

அந்தக் கோழிக்கு மேஸ்திரி என்று பேர் வைத்தவர் கொத்தனார். தானாக ஒரு புழுவைக் கிளறி எடுக்காது. மற்ற மூன்று கோழிகளும் கிளறுகிற இடத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, "இதுதான் வேலை செய்யற லட்சணமா" என்பதுபோலப் பார்த்துவிட்டு, அவை கிளறியதைத் தின்றுவிட்டு வரும். இருபத்திரண்டு வருஷம் மேஸ்திரிகளுக்குக் கீழே நின்று சுவர் எழுப்பிய மனிதருக்கு வேறு பேர் எப்படித் தோன்றும்?

அன்று காலை கூண்டைத் திறந்ததும் மூன்று கோழிகள் ஓடி வந்தன. மேஸ்திரி வரவில்லை. மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது.

கொத்தனாரின் மனைவி குனிந்து உள்ளே பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் வெயில் ஏறட்டும், தானாக வரும் என்று விட்டிருப்பாள். இன்று விட முடியாது. இன்று மூன்று மணி பஸ்ஸில் அவள் ஊருக்குப் போகிறாள்.

ஊருக்குப் போகிறாள் என்று இரண்டு சொல்லில் எழுதிவிடலாம். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் இரண்டு வருஷமும் நாலு மாசமும் இருந்தன.

தெருவில் அவளை டெய்லரக்கா என்பார்கள். பதினேழு வயதில் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள். அந்தத் தெருவில் பயணம் கிளம்புகிறவர்கள், புது வேலைக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் உடுத்திக்கொண்டு போவது அவள் தைத்ததைத்தான். துணி போய்வராத ஊர் இல்லை. தைத்தவள்தான் எங்கும் போனதில்லை. கொத்தனார் இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்த பிறகு மருந்துக்கடையே அவளுக்கு எல்லை ஆகிவிட்டது. போக நாலு நிமிஷம், வர நாலு நிமிஷம், கடைக்காரர் மாத்திரை எடுத்துத் தர நாலு நிமிஷம். பன்னிரண்டாவது நிமிஷம் தாண்டினால் டம்ளர் சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

கொத்தனாருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கையும் வாயும் முழுசாக இருந்தன. வாய், முன்னைக்கு இப்போது இரட்டிப்பு. கட்டில் கம்பியில் டம்ளரால் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று தட்டினால் ஒன்றுமில்லை, சும்மா. அந்த மூன்றுதான் அதிகம் கேட்கும். முன்னறையில் இருந்த மிஷினையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போடச் சொன்னார். "நீ அங்க உட்கார்ந்தா நீ இருக்கியா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்கள். அவளுக்குக் குதிரை கிடைக்கவில்லை, தையல் மிஷின் கிடைத்தது. நாள் முழுக்க மிதித்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு, ஐந்து மணி நேர பஸ் தூரத்தில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் முகத்தைக் காட்டினார்கள். கை விரலைக் காட்டு என்றாள், காட்டினார்கள். அதற்குமேல் போனில் என்ன கேட்பது? அன்றிலிருந்து மூன்றாம் நாள் கொத்தனாரின் அக்காவிடம் பேசினாள். மூணே மூணு நாள், அண்ணி, வந்து உங்க தம்பியைப் பார்த்துக்குங்க. அக்கா யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

இந்த அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோழி வைத்து முட்டை விற்றுப் பிழைக்கிறவள். மூன்று வருஷத்துக்கு முன்பு வெள்ளைக்கழிச்சல் வந்து, எட்டே நாளில் அவளுடைய நாற்பது கோழிகளும் போயின. மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்த்து நாற்பதாக்கி வைத்திருக்கிறாள். அந்த நோய் செருப்பிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் கோழிக்குச் சீக்கு என்று கேள்விப்பட்டால் அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டாள்.

அவள்தான் பத்து மணிக்கு வரப்போகிறாள்.

மேஸ்திரியைத் தூக்கி வெயிலில் வைத்து, டெய்லரக்கா கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்தாள். கோழியின் தீனிப்பை ராத்திரி முழுக்க அரைந்து இறங்கி, காலையில் காற்றுப் போன பை மாதிரி தொங்க வேண்டும். இது புடைத்து நின்றது.

"என்ன, மேஸ்திரி இன்னும் வேலைக்கு வரல?" ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கொத்தனார் கேட்டார். அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கொல்லையைப் பார்த்தது.

"உடம்பு சரியில்லைங்க. தீனிப்பை கல்லு மாதிரி இருக்கு."



"கல்லு மாதிரின்னா?"

"கல்லு மாதிரின்னா கல்லு மாதிரிதான். இருபது வருஷம் கல்லைப் பிடிச்ச கை, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

இதற்கு ஒரு பதில் வரும் என்று நினைத்தாள். ஜன்னலில் தெரிந்த முகம் உள்ளே திரும்பிக்கொண்டது.

மருந்து விடுகிற ஃபில்லரில் எண்ணெய் எடுத்து, அலகைத் திறந்து ஓரமாக நாலு சொட்டு விட்டாள். கோழியை மடியில் இடுக்கிக்கொண்டு பையை மெல்லப் பிசைந்தாள். அரை மணி நேரம் பிசைந்தாள். புளித்த வாடையோடு கொஞ்சம் தண்ணீர் அலகு வழியாக வந்தது, அவ்வளவுதான். விரலுக்கு ஒன்று புதிதாக இருந்தது. தானியம் என்றால் நெறுநெறுக்க வேண்டும். புல் என்றால் அமுங்க வேண்டும். இது சுருட்டி வைத்த துணி மாதிரி விரலுக்கடியில் வழுக்கியது. அதைப்பற்றி யோசிக்க நேரமில்லை. மணி ஒன்பதரை. கோழியைக் குளியலறையில் வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் ஈரத்துணியைப் போட்டாள். திருடின பொருளை ஒளித்து வைக்கிற மாதிரி கதவையும் சாத்தினாள்.

நாத்தனார் பையோடு வந்தாள். தம்பியைப் பார்த்தாள், இளைச்சிட்டியேடா என்றாள், தண்ணீர் குடித்தாள், குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தாள்.

"நாலு இருந்துச்சே. மூணுதான் மேயுது?"

கோழிக்காரியிடம் கோழியை ஒளிக்கலாமா? டெய்லரக்கா உண்மையைச் சொன்னாள். கூடையைத் தூக்கிக் காட்டினாள். நாத்தனார் எட்டடி பின்னால் போய், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நோய் இல்ல அண்ணி. தீனிப்பை அடைச்சிருக்கு."

"எனக்கும் முதல் நாள் அப்படித்தான் சொன்னாங்க. எட்டாம் நாள் குழி வெட்டினேன்."

"வெள்ளையா ஒண்ணும் கழியலையே, பாருங்க."

"இன்னைக்குக் கழியல. நாளைக்குக் கழியும். அப்ப நீ பேத்தியைக் கொஞ்சிக்கிட்டு இருப்பே. நான் இந்த வீட்டுக்குள்ள இருப்பேன்."

கட்டிலிலிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார். "அக்கா, நீ என்னைப் பார்க்க வந்தியா, கோழியைப் பார்க்க வந்தியா?"

"உன்கிட்டேருந்து எனக்கு ஒண்ணும் ஒட்டாதுடா."

பையைக் கீழே வைக்காமலேயே வாசல்படியில் உட்கார்ந்தாள் நாத்தனார். கெட்டவள் இல்லை. பயந்தவள். "ஒண்ணரைக்கு எனக்குத் திரும்பிப் போற பஸ் இருக்கு" என்றாள். "அதுக்குள்ள இது நோய் இல்லைன்னு காட்டு, இருக்கேன். இல்லேன்னா என்னைத் தப்பா நினைச்சுக்காதே."

டெய்லரக்கா கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். கம்பவுண்டர் எடுத்தார். டாக்டர் வெளியூர் முகாமுக்குப் போயிருக்கிறார், நாளைக் காலை கொண்டுவாருங்கள் என்றார்.

"நாளைக்கு ஆகாதுங்க. இன்னைக்கே பார்க்கணும்."

"கோழிதானேம்மா?"

"கோழிதாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். வேறென்ன சொல்வது? கோழி இல்லை, என் கால் என்றா?

"எதுக்கு இத்தனை பாடு?" என்றாள் நாத்தனார் வாசலிலிருந்து. "அறுத்துப் பாரு. நோய்னா உள்ள புள்ளி புள்ளியா ரத்தம் கட்டியிருக்கும், எனக்குத் தெரியும். அடைப்புன்னா அடைப்புதான்னு நானே சொல்லிடறேன். அஞ்சு நிமிஷ வேலை. நீயும் பஸ்ஸைப் பிடிச்சிடலாம்."

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் ஒரு கோழி, இன்னொரு பக்கம் மகளும் பேத்தியும். தராசே தேவையில்லை. டெய்லரக்கா சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு, கட்டிலைத் தாண்டிக் குளியலறைக்கு நடந்தாள்.

டம்ளர் அடித்தது. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை. நிறுத்தாமல் அடித்தது.

"என்னங்க?"

"அதை அறுக்காதே."

"அப்ப நான் போக வேணாமா?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டது தெரிந்தது. இரண்டு வருஷமும் நாலு மாசமும் வாய்க்குள் இருந்த கேள்வி. கொத்தனார் உத்தரத்தைப் பார்த்தார். தான் கட்டாத வீட்டின் உத்தரத்தில் குறை கண்டுபிடிக்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தார்.

"போ" என்றார். "பையை மட்டும் திறந்து பாரு. உள்ள என்ன இருக்குன்னு அக்காவுக்குக் காட்டு. காட்டிட்டுத் தச்சிடு. ஊருக்கெல்லாம் தைக்கற. அதுக்கு ஒரு தையல் போட மாட்டியா?"

"உயிரோடயா?" என்றாள் நாத்தனார்.

"உயிரோடதான்."

டெய்லரக்கா மறுபடி கம்பவுண்டருக்குப் போன் போட்டாள். அவர் முதலில் தயங்கினார். இது டாக்டர் செய்கிற வேலை, நான் சொன்னேன் என்று எங்கும் சொல்லிவிடாதீர்கள் என்றார். பிறகு சொல்லிவிட்டார். அந்த இடத்து இறகைப் பிடுங்கு. கொதித்து ஆறிய உப்புத்தண்ணீரில் கழுவு. புது பிளேடு. நரம்பு இல்லாத இடமாகப் பார்த்து ஒரு விரல்கடைக்குக் கீறு, அதற்குமேல் வேண்டாம்.

"முக்கியமா ஒண்ணும்மா. மேல தோல் இருக்கும், உள்ள பை இருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுத் தச்சிடாதீங்க."

"லைனிங் தனி, மேல்துணி தனி."

"என்னது?"

"ஒண்ணுமில்லைங்க, புரிஞ்சுது."

கோழியை யார் பிடிப்பது? நாத்தனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கொத்தனார், "இங்க கொண்டா" என்றார். தலையணையை முட்டுக்கொடுத்து அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். பழைய துண்டில் மேஸ்திரியைச் சுற்றி அவர் மடியில் மல்லாக்கக் கிடத்தினாள். செங்கல் பிடித்துக் காய்த்த இரண்டு கைகள் அதன் காலையும் சிறகையும் அமுக்கிப் பிடித்தன. அந்தக் கைகளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலை.

பிளேடு இறங்கியபோது மேஸ்திரி ஒரு தடவை உதறியது. பிறகு கண்ணைச் சுழற்றி மூடிக்கொண்டது. தோல் விலகியது. அடியில் இருந்த பை வெளுத்து, மெல்லிய வாயில் சேலைத் துணி மாதிரி இருந்தது. அதையும் கீறினாள். புளித்த தானியம் கொஞ்சம் வழிந்தது. அதற்குள்ளிருந்து சிவப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது.

ரத்தம் என்று நினைத்தாள். இல்லை. விரலால் பற்றி இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. சிவப்போடு பச்சை வந்தது, பச்சையோடு நீலம். கடைசியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை நழுவி வெளியே விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் நூல் என்று சொல்லியிருப்பார்கள். அவளுக்கு ஒவ்வொன்றும் ஆள் அடையாளத்தோடு தெரிந்தது. பச்சை, போன வாரம் டீச்சருக்குத் தைத்தது. நீலம், பள்ளிச் சீருடை நாலு செட்டு. சிவப்பு, நர்ஸின் தங்கைக்கு. மஞ்சள், பேத்திக்கு என்று அவளே தைத்து வைத்திருக்கிற சட்டை.

நாத்தனார் நிலைப்படிவரை வந்து எட்டிப் பார்த்தாள். "நூலா அது?"

"நூல்தான் அண்ணி."

"அப்ப நோய் இல்லியா?"

"நூலுக்கு நோய் வருமா?"

நாத்தனார் உள்ளே வந்தாள். பையைக் கீழே வைத்தாள். பையைக் கீழே வைத்த சத்தம் டெய்லரக்காவின் காதில் தேனாக விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

பயம் தெளிந்த நாத்தனாருக்கு வாய் வந்துவிட்டது. "கோழி வளர்க்கறவ இப்படியா நூலைக் கொல்லையில இறைச்சு வைப்பே? புழுன்னு நினைச்சு முழுங்கியிருக்கு."

டெய்லரக்கா ஒரு துண்டு நூலைக்கூடக் கொல்லையில் போட்டதில்லை. வெட்டுகிற நுனியெல்லாம் மூடி போட்ட பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். சாயங்காலம் எரித்துவிடுவாள். அந்த டப்பா மிஷின் பலகையின் இந்த ஓரத்தில் இருக்கும். இந்த ஓரம் என்றால் கட்டிலிலிருந்து கை எட்டுகிற ஓரம்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்பையில் முதல் தையலைப் போட்டாள். 

"கையை ஆட்டாதீங்க. தையல் கோணும்."

"நான்தான்" என்றார் கொத்தனார்.

"என்னடா நீதான்?" என்றாள் அக்கா.

"நூலை நான்தான் போட்டேன். ஜன்னல் வழியா. ஒண்ணைச் சுருட்டி விட்டெறிஞ்சா நாலும் ஓடி வரும். மூணு கோழி ஒரு தடவை ஏமாந்துச்சு, அதோட சரி. இது மட்டும் தினமும் ஜன்னலுக்குக் கீழ வந்து நிக்கும். விளையாடுதுன்னு நினைச்சேன். தின்னுதுன்னு தெரியாது."

"எத்தனை நாளா?"

"உன்னை வரச்சொல்லி இவ போன்ல பேசினா பாரு, அன்னையிலேருந்து."

இரண்டாவது தையல். மூன்றாவது.

"அன்னையிலேருந்து இவ இங்க இல்ல அக்கா. மிஷின்லதான் உட்கார்ந்திருப்பா. நான் பேசினா ம் போடுவா. ஆனா இங்க இல்ல."

உள்பை முடிந்தது. டெய்லரக்கா நூலைப் பல்லால் கடிக்கப்போய், நினைவு வந்து, கத்திரியால் வெட்டினாள். "காலையில கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னேனே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஒன்பதரை வரைக்கும் பிசைஞ்சேனே, அப்பவும்?"

"ம்."

அவள் தோலைச் சேர்த்துப் பிடித்தாள். மேலே ஐந்து தையல், ஒவ்வொன்றும் தனி முடிச்சு. ஒன்று அவிழ்ந்தாலும் மற்றது நிற்க வேண்டும். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. அவர் சொன்னதில் ஒன்று பொய்யில்லை. பத்து நாளாக அவள் இங்கே இல்லைதான். ஐந்து மணி நேர தூரத்தில் ஒரு தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். அந்தப் பத்து நாள்தான் இந்த இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த வெளியூர்ப் பயணம். அதையும் இவர் படுத்த இடத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டார்.

ஒரு மணிக்கு மேஸ்திரி கூடைக்குள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. நின்றதே பெரிது. டெய்லரக்கா ஃபில்லரில் முதல் தண்ணீரைக் கொடுத்தாள். இன்று முழுக்கத் தீனி இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மட்டும், நாளைக்குக் கூழாகக் கொஞ்சம் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். குளித்தாள். சேலை மாற்றினாள். மஞ்சள் சட்டையைப் பையின் அடியில் வைத்தாள்.

கொத்தனார் தொண்டையைக் கனைத்தார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணின்னா, யாரு ஊத்துவா?"

"நான் அதைத் தொட மாட்டேன்பா" என்றாள் நாத்தனார் அவசரமாக. "நோய் இல்லேன்னாலும் தொட மாட்டேன். எனக்கு வீட்டுல நாற்பது இருக்கு."

அறை கொஞ்சம் சுருங்கியது. டெய்லரக்கா பையைப் பிடித்தபடியே நின்றாள். கதவு எதிரில்தான் இருந்தது. காலையிலிருந்து அதுவும் எதிரில்தான் இருக்கிறது.

பையை வைத்துவிட்டு, ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் கூடையை வைத்தாள். தண்ணீர்க் கிண்ணத்தையும் ஃபில்லரையும் கொத்தனாரின் கைக்கருகில் வைத்தாள்.

"நீங்க ஊத்துங்க."

"நானா?"

"கைக்கு ஒண்ணும் இல்லையே. நூல் வீசின கைதானே?"

நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். கொத்தனார் ஃபில்லரை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார், சின்னக் கரண்டியை வாங்கிக்கொண்ட புதுக் கொத்தனார் மாதிரி.

"எப்ப வருவே?"

"மூணு நாள்னு சொன்னேன்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "தையல் பிரிக்கப் பத்து நாளாகும்னு கம்பவுண்டர் சொன்னார். அதுக்கு முன்னாடி வந்துடுவேன்."

"பத்து நாளா?" சமையலறையிலிருந்து நாத்தனாரின் குரல் துரத்தியது. அதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

மருந்துக்கடையைத் தாண்டினாள். கடைக்காரர் மாத்திரைக்காக என்று நினைத்து எழுந்து, அவள் பையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரின் கடைசி வீடு போனது, மரக்கடை போனது, அவளுக்குப் பேர் தெரியாத நிறுத்தங்கள் வந்தன. மூன்றரைக்குப் போன் அடித்தது. வீட்டு எண்.

அவள் உடனே எடுக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் எதிர்ப்பக்கம் திரும்புகிற பஸ் நிற்கும் என்று கணக்குப் போட்டது மனது. கை தானாகப் பையின் காதைப் பிடித்தது. எடுத்தாள்.

"குடிச்சிடுச்சு" என்றார் கொத்தனார்.

"எது?"

"மேஸ்திரிதான். நாலு சொட்டு. கொத்தப் பார்த்துச்சு, விடல."

அவள் பையின் காதை விட்டாள். "சரி."

"அடுத்தது எப்ப?"

"அஞ்சரைக்கு."

"அப்ப அஞ்சரைக்குக் கூப்பிடறேன்."

"ஊத்திட்டு சும்மா இருங்க. எனக்குச் சொல்ல வேணாம்."

"சரி" என்றார். "சொல்லாட்டி நீ அதையே நினைச்சுக்கிட்டு இருப்பியே."

அவள் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டார்.

பக்கத்தில் மடியில் சம்புடத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள். "யாரு, வீட்டுக்காரரா?"

"ஆமாங்க. கோழிக்கு உடம்பு சரியில்ல."

"அதுக்கா போன்?"

"இனிமே ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பண்ணுவார்."

அந்த அம்மாள் சிரித்தாள். டெய்லரக்காவும் சிரித்தாள். போனைப் பைக்குள் போட்டு, மஞ்சள் சட்டைக்கு அடியில் தள்ளி, வாயை இழுத்து மூடிவிட்டு வெளியே பார்த்தாள். இருபுறமும் வயல் வந்தது. ஒரு ஆறு வந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு பையைத் திறந்து போனை வெளியே எடுத்தாள். பஸ் இரைச்சலில் கேட்காதோ என்னவோ. சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.